புள்ளியும் கோடும்: நூலகப் பட்டியல் இடமாற்றமும் மலேசியத் தமிழ் நூல்களும்

முன்னுரை

நூலகப் பட்டியல் நூலகரின் பணிக்கருவி என்னும் எண்ணம் தமிழாய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. நாம் அதனைப் பயன்படுத்துகிறோம். திறனாய்வுக்குரிய பொருளாக அதனைக் கொள்வதில்லை. ஆயினும், ஒரு நூல் உண்டா இல்லையா என்னும் வினாவிற்கு முதல் விடை கூறுவது பட்டியலே. பட்டியலில் அகப்படாத நூல், அடுக்கில் இருந்தும் இல்லாததாகிவிடுகிறது. 'இப்பொருள் குறித்து இதுவரை ஆய்வு நிகழவில்லை' என்று ஆய்வேடுகளின் முதல் இயலில் காணப்படும் கூற்று, சில வேளைகளில், தேடிய பட்டியலின் குறையையே வெளிப்படுத்துகிறது எனலாம்.

நூலகங்கள் ஒரு பட்டியல் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்பிற்கு மாறும் காலங்களில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. அட்டைப் பெட்டியிலிருந்து கணினிக்கும், பழைய மென்பொருளிலிருந்து புதிய மென்பொருளுக்கும் பதிவுகள் மாற்றப்படும்போது எவற்றைக் கொண்டு செல்வது, எவற்றை விடுவது, எவற்றை ஒன்றாக இணைப்பது என்னும் முடிவுகள் எடுக்கப்பட வேண்டியுள்ளன. இவை தொழில்நுட்பம் சார்ந்த முடிவுகளாகவே பெரிதும் கருதப்படுகின்றன. தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இவை மொழி சார்ந்த முடிவுகளும் ஆகும். இவற்றுள் தலையாயது, ரோமன் எழுத்துப்பெயர்ப்பில் எழுத்துகளின் மேலும் கீழும் இடப்படும் புள்ளிகளையும் கோடுகளையும் சிதையாமல் காப்பது என்பது நமது கருத்து. கோலாலம்பூரையும் கிள்ளான் பள்ளத்தாக்கையும் சார்ந்த தமிழ்க் கல்விச் சூழலை மனத்திற்கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பட்டியல் மரபும் கோலாலம்பூரும்

தமிழ் நூல்களைப் பட்டியலிடும் மரபு புதியதன்று. ஜான் மர்டாக் தொகுத்த, அச்சிட்ட தமிழ் நூல்களின் வகைப்படுத்திய பட்டியல் 1865இல் சென்னையில் வெளிவந்தது. பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தின் தமிழ் நூல்களுக்கு எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் உருவாக்கிய பட்டியல் 1909இலும், பார்னெட் தயாரித்த அதன் தொடர்ச்சி 1931இலும் வெளியாயின. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்வோர் இன்றும் இவற்றை நாடுகின்றனர்.

இம்மரபில் கோலாலம்பூருக்கும் இடமுண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய சேவியர் தனிநாயகம் அடிகளார், தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றை ஆங்கிலத்தில் தொகுத்தார். மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதனை 1966இல் வெளியிட்டது. முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அவ்வாண்டின் ஏப்ரல் திங்களிலேயாகும். மூன்று ஆண்டுகள் கழித்து, 1969இல், அதே துறையைச் சார்ந்த இராம. சுப்பையா தொகுத்த 'தமிழ் மலேசியானா' வெளிவந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிடும் இத்தொகுப்பை மலாயாப் பல்கலைக்கழக நூலகமே வெளியிட்டது.

இவ்வெளியீட்டு விவரம் ஈண்டுச் சிறப்பாக நோக்கத்தக்கது. தொகுத்தவர் தமிழறிஞர்; வெளியிட்டது நூலகம். எந்த நூல் யாருடையது, எந்தப் பெயர் எவரைக் குறிக்கிறது என்பவற்றை மொழியறிந்தவர் முடிவு செய்ய, நூலகம் அதற்கு நிலையான வடிவம் தந்தது. இத்தகைய கூட்டுப்பணி பட்டியலாக்கத்தின் இயல்பான பகுதியாக நீடித்திருக்குமாயின், பின்னர்க் கூறப்படும் சிக்கல்களுட் பல எளிதில் தீர்ந்திருக்கும்.

கணினிப் பட்டியலும் ரோமன் எழுத்தும்

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 'மார்க்' என்னும் பதிவு அமைப்பை உருவாக்கியது. கணினி படித்தறியும் வகையில் நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகப் பகுப்பது இவ்வமைப்பு. மலேசியாவில் பல்கலைக்கழக நூலகங்களும் தேசிய நூலகமும் 1978இல் 'மால்மார்க்' என்னும் கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. அட்டைகளின் காலம் அதன்பின் படிப்படியாக முடிவுக்கு வந்தது.

மார்க் அமைப்பின் பழைய எழுத்துத் தொகுதி ரோமன் எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது. சீனம், சப்பானியம், கொரியம், அரபு, எபிரேயம், சிரில்லிக், கிரேக்கம் முதலிய எழுத்துமுறைகள் நாளடைவில் அதில் சேர்க்கப்பட்டன. தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துமுறைகள் எவையும் சேர்க்கப்படவில்லை. எனவே தமிழ் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் ரோமன் எழுத்தில் பெயர்த்தே எழுதப்பட்டன. அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரசு நூலகமும் ஏற்ற எழுத்துப்பெயர்ப்பு அட்டவணை இதற்குரிய தரமாயிற்று. காங்கிரசு நூலகம் 1962இல் புதுதில்லியிலும் 1963இல் ஜகார்த்தாவிலும் அலுவலகங்களை நிறுவி ஆசிய நூல்களைத் திரட்டியது. அதன் பதிவுகளைப் பிற நாட்டு நூலகங்கள் படியெடுத்துக்கொள்ளும் வழக்கமும் இத்தரத்தைப் பரப்பியது. அச்சு எந்திரம் நூற்றாண்டுகளாகத் தமிழெழுத்தைக் கோத்து வந்திருக்க, கணினிப் பட்டியல் தமிழெழுத்தின்றித் தமிழ் நூல்களைக் குறிக்கலாயிற்று.

இன்று அந்நிலை மாறிவிட்டது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளிக்கப்பட்டது. மார்க் 21 அமைப்பும் பின்னர் ஒருங்குறியை ஏற்றது. 245ஆம் புலத்தில் நூற்பெயரின் ரோமன் வடிவத்தையும், அதனோடு இணைத்த 880ஆம் புலத்தில் தமிழ் வடிவத்தையும் தருவதற்கு அதில் வழியுள்ளது. ஆகவே, புதிய அமைப்பிற்கு மாறும் நூலகம் தமிழெழுத்தை விலக்குவதற்குக் கருவியைக் காரணங்காட்ட இயலாது. அஃது அந்நூலகத்தின் கொள்கை முடிவாகவே கொள்ளப்படும்.

புள்ளியும் கோடும்

பழைய ரோமன் பதிவுகளைத் தமிழுக்கு இழைக்கப்பட்ட குறையாக மட்டும் காண்பது பொருந்தாது. மேற்கூறிய அட்டவணை எழுத்துக்கு எழுத்து ஈடு தருவது. ஒலிப்பு இடத்திற்கேற்ப மாறினும் ககரத்திற்கு எப்போதும் 'கே', சகரத்திற்கு எப்போதும் 'சி', பகரத்திற்கு எப்போதும் 'பி' என ஒரே எழுத்து அமையும். நெடிலுக்கு மேற்கோடு உண்டு. லகரத்திற்கு வெறும் 'எல்', ளகரத்திற்குக் கீழ்ப்புள்ளியிட்ட 'எல்', ழகரத்திற்குக் கீழ்க்கோடிட்ட 'எல்' ஆகியவை வரும். ரகர றகரங்களும், நகர னகர ணகரங்களும் இவ்வாறே வேறுபடுத்தப்படும். இம்முறையைப் பிழையின்றிப் பின்பற்றிய பதிவிலிருந்து தமிழ் வடிவத்தைக் கணினி நிரலால் மீட்டெடுக்க முடியும். பல்லாண்டுகளாகப் பட்டியலாளர் உழைத்து உருவாக்கிய ரோமன் பதிவு, தமிழெழுத்து மறைந்திருக்கும் பேழை எனத் தகும்.

அப்பேழையின் திறவுகோல் புள்ளியும் கோடுமேயாகும். அவை நீங்கின் 'குறள்' என்பதும் 'குரல்' என்பதும் ஒரே சொல்லாகும். 'மனம்', 'மணம்', 'மானம்' ஆகிய மூன்றும் ஒன்றாகும். 'கலை', 'களை', 'கழை', 'காலை', 'காளை' ஆகிய ஐந்தும் வேறுபாடிழக்கும். 'அறம்', 'அரம்', 'ஆரம்' என்பனவும் இவ்வாறே. இழந்த வேறுபாட்டை எந்த நிரலாலும் பின்னர் உறுதியாக மீட்க இயலாது. நூலை அடுக்கிலிருந்து எடுத்து முகப்பைப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

பதிவுகள் இடம் மாறும்போது இவ்விழப்பு இரு வழிகளில் நேரலாம். முதலாவது, குறிகளை வேண்டாச் சுமையாகக் கருதி நீக்கிவிடுதல். புதிய மென்பொருளில் தேடல் எளிதாக அமையும் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். ஆனால் தேடலில் குறிகளைப் பொருட்படுத்தாதிருப்பது வேறு; சேமிப்பிலிருந்து அவற்றை அழிப்பது வேறு. வாசகர் குறியின்றித் தேடினும் விடை கிடைக்குமாறு தேடுகுறிப்பை அமைத்து, மூலப் பதிவைக் குறிகளோடு பேணுவது இயலும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே தவற்றுக்கு வித்தாகிறது.

இரண்டாவது வழி நுண்மையானது. மார்க்கின் பழைய எழுத்துத் தொகுதியில் புள்ளி, கோடு முதலியவற்றின் குறியீடு அவை சார்ந்த எழுத்துக்கு முன்னர் வரும். ஒருங்குறியில் எழுத்துக்குப் பின்னர் வரும். மாற்றும் நிரல் இவ்வரிசையை அறியாதாயின் ஒவ்வொரு குறியும் முந்திய எழுத்தின்மேல் ஏறிவிடும். 'குறள்' என்பதன் ஈற்றெழுத்துக்குரிய புள்ளி அதற்கு முன்னுள்ள அகரத்தைச் சாரும். றகரத்திற்குரிய கோடு உகரத்தைச் சாரும். திரையில் ஏதோ குறிகள் தோன்றுவதால் தமிழறியாத பணியாளருக்குப் பிழை தென்படாது. தமிழறிந்தவருக்கோ ஒரே நோக்கில் விளங்கும். இடமாற்றச் சோதனையில் தமிழறிந்தவர் பங்கு கொள்ளவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான காரணம் வேண்டுவதில்லை.

ஆசிரியர் யார்?

நூற்பெயரினும் சிக்கலானது ஆசிரியர் பெயர். 'தமிழ் மலேசியானா' தொகுத்த அறிஞரின் பெயரே இதற்குத் தக்க சான்று. தமிழில் 'இராம. சுப்பையா' என்றும், ஆங்கில நூல்களில் வழக்கமான எழுத்துக்கூட்டலிலும் அவர் பெயர் வழங்குகிறது. 'ராம' எனத் தொடங்கினால் 'ஆர்' எழுத்திலும், இகரத்தோடு எழுதி அட்டவணைப்படி பெயர்த்தால் 'ஐ' எழுத்திலும் தேட வேண்டும். 'சுப்பையா' என்பதைத் தலைப்பாகக் கொண்டால் மக்கள் வழக்கில் 'எஸ்' எழுத்திலும், அட்டவணைப்படி 'சி' எழுத்திலும் தேட வேண்டும். நாட்டின் தமிழ் நூல்களைத் தேடித் தொகுத்தவரையே நான்கு இடங்களில் தேட வேண்டிய நிலை இது.

1978இல் வெளியான ஆங்கில-அமெரிக்கப் பட்டியல் விதிகளின் இரண்டாம் பதிப்பு, குடும்பப்பெயர் இல்லாத தமிழ்ப் பெயர்களை இயற்பெயரின்கீழ்ப் பதியுமாறு கூறுகிறது. தலையெழுத்து ஊரையோ தந்தையையோ குறிப்பதாதலின் இவ்விதி பொருத்தமானதே. ஆனால் மலேசியத் தமிழருக்கு அடையாள ஆவணங்களில் ஒரு வடிவம் உண்டு. அதில் தந்தை பெயர் இயற்பெயருக்குப் பின்னர், 'மகன்', 'மகள்' என்று பொருள்படும் மலாய்ச் சுருக்கங்களை இடையிட்டு, வரும். நூலின் முகப்பில் தலையெழுத்தோடு மற்றொரு வடிவம் வரும். புனைபெயர் மூன்றாவதாகலாம்.

ரெ. கார்த்திகேசுவை எடுத்துக்கொள்வோம். 'வானத்து வேலிகள்' முதலிய புனைகதைகளைத் தமிழில் அளித்தவர் அவர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தகவல் தொடர்புத் துறைப் பேராசிரியராக விளங்கியபோது ஒலிபரப்பு, ஒளிபரப்புக் குறித்த ஆய்வுகளை ரங்கசாமி கார்த்திகேசு என்னும் பெயரில் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ்ப் பதிவு அட்டவணையின்படி ஒரு வடிவமும் ஆங்கிலப் பதிவு அவரே பயன்படுத்திய எழுத்துக்கூட்டலில் மற்றொரு வடிவமும் பெறும். இரண்டையும் இணைக்கும் ஆசிரியர் பெயர்க் கோப்பு இல்லையேல், பட்டியல் ஒருவரை இருவராகக் காட்டும். அவர்தம் புனைகதையை ஊடக ஆய்வோடு ஒப்பிட விழையும் மாணவருக்கு அத்தொடர்பே புலப்படாது போகும். இதற்கு மறுதலையான இடரும் உண்டு. ஒரே இயற்பெயருடைய இரு வேறு எழுத்தாளர்களைத் தலையெழுத்து நோக்காது இணைத்துவிடும் நிரலும் அமையலாம். பெயர்களைச் சீர்செய்வது தட்டச்சுப் பணியன்று, இலக்கிய வரலாற்றுப் பணி.

தமிழெழுத்தில் எழும் சிக்கல்கள்

தமிழ் வடிவத்தைச் சேர்த்துவிட்டால் எல்லாம் சீராகும் என்று கருதுவதும் பொருந்தாது. எழுத்துருக்கேற்ப வெவ்வேறு குறியேற்றங்கள் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் தட்டெழுதிய தமிழ்க் குறிப்புகள், உரிய மாற்றமின்றி ஒருங்குறிக்குக் கொண்டு செல்லப்பட்டால் பொருளற்ற குறிகளாகிவிடும். ஒருங்குறியிலும் சில இடர்கள் உள. 'பௌத்தம்' என்பதை ஔகார உயிர்மெய்யாகத் தட்டலாம். எகரக் கொம்பும் பகரமும் ளகரமுமாகப் 'பெளத்தம்' எனவும் தட்டிவிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இருவேறு சொற்கள். 'ஸ்ரீ' என்பதற்கும் இரு குறியேற்றங்கள் வழக்கில் உள்ளன.

அகரவரிசை மற்றொரு சிக்கல். ஒருங்குறி எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்திற்கு முன்னரும் நிற்கின்றன. அவ்வெண்வரிசையையே நிரல்முறையாகக் கொள்ளும் மென்பொருள் தமிழ் நெடுங்கணக்கைக் கலைத்துவிடும். தமிழ் வரிசைக்கான விதியைத் தனியே அமைக்குமாறு நூலகம் கோரவேண்டும்.

புணர்ச்சியும் கருதத்தக்கது. 'தமிழ் இலக்கியம்' என்று தேடுபவருக்குத் 'தமிழிலக்கியம்' என்று முகப்பில் அச்சான நூல் அகப்படாதிருக்கலாம். ஊர்ப்பெயரும் அவ்வாறே. கிள்ளான் என்று நாம் வழங்கும் நகரின் பெயரை ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பின்பற்றிக் 'கிளாங்' என்று எழுதுவோரும் உளர். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரைத் தமிழில் எழுதும் முறையும் ஒன்றாக இல்லை. முகப்பில் உள்ளவாறு பதிவு செய்வது பட்டியல் விதி. அதனை மாற்ற வேண்டுவதில்லை. மாற்று வடிவங்களைத் தேடுகுறிப்பில் சேர்ப்பது போதுமானது. மலேசிய எழுத்தாளர் பலரின் நூல்கள் சென்னையில் அச்சாகி வெளிவந்துள்ளமையையும் இங்கு எண்ணிப்பார்க்க வேண்டும். வெளியீட்டு இடத்தை மட்டும் நோக்கும் பட்டியல் அவற்றைத் தமிழ்நாட்டு நூல்களோடு சேர்த்துவிடும். தூவி தசமப் பகுப்பில் தமிழிலக்கியத்திற்குரிய 894.811 என்னும் எண்ணும் நாட்டைத் தானாகக் காட்டுவதில்லை. 'மலேசியா' என்னும் பொருட்தலைப்பு பதிவில் விடுபட்டால், மலேசியத் தமிழிலக்கியம் என்னும் வகைமையே அப்பட்டியலில் மறைந்துவிடும்.

எதிர்வாதங்கள்

இவற்றிற்கு எதிராக மூன்று கருத்துகள் முன்வைக்கப்படலாம். தமிழறிந்த பட்டியலாளர் குறைவு என்பது முதலாவது. செலவும் காலமும் மிகும் என்பது இரண்டாவது. வாசகர் இன்று ரோமன் எழுத்திலேயே தட்டித் தேடுகின்றனர் என்பது மூன்றாவது.

முதலிரு கருத்துகளில் உண்மை உண்டு. பல்லாயிரம் பதிவுகளைப் புதிதாகத் தமிழில் தட்டெழுதுமாறு எந்நூலகத்தையும் கேட்க இயலாது. அதனாலேயே குறிகளைக் காப்பதை முதன்மைப்படுத்துகிறோம். குறிகள் காக்கப்பட்டால் தமிழ் வடிவத்தின் பெரும்பகுதியை நிரலே உருவாக்கும். தமிழறிந்தவர் சரிபார்த்தால் போதும். அவை அழிக்கப்பட்டால் ஒவ்வொரு நூலையும் மீண்டும் கையிலெடுக்க நேரிடும். சிக்கனம் கருதிச் செய்யப்படும் நீக்கமே பின்னாளில் பெருஞ்செலவாகும்.

மூன்றாவது கருத்து வாசகரை முன்னிறுத்துவதால் மதிக்கத்தக்கது. சீர்காழியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிப்பது பற்றியது. ரோமன் எழுத்தில் தேடுவோர் வழக்கமான எழுத்துக்கூட்டலையே தட்டுவர். கார்த்திகேசு என்னும் பெயரில் ககரத்திற்கு 'ஜி' இடுவோர், அட்டவணை கோரும் 'கே' எழுத்தை எண்ணிப் பாரார். ஆக, ரோமன் மட்டும் போதும் என்னும் கொள்கை ரோமனில் தேடும் வாசகருக்கும் முழுப்பயன் தருவதன்று. தமிழ் வடிவம், அட்டவணை வடிவம், மக்கள் வழக்கு வடிவம் ஆகிய மூன்றும் ஒரே பதிவிற்கு இட்டுச்செல்வதே அவ்விதியின் கருத்துக்கு இயைந்தது.

கொள்கைக்குச் சில பரிந்துரைகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், இடமாற்றக் கொள்கையில் இடம்பெற வேண்டியவற்றைத் தொகுத்துக் கூறலாம். முதலாவது, மாற்றத்திற்கு முன்னுள்ள பதிவுகளின் முழுப்படி ஒன்றை மாற்றமின்றிப் பேணுதல் வேண்டும். இரண்டாவது, குறிகளைச் சேமிப்பில் காத்து, தேடலில் மட்டும் தளர்த்துதல் வேண்டும். மூன்றாவது, இணைப்புப் புலங்களில் தமிழ் வடிவத்தைச் சேர்த்து, தமிழறிந்தவர் சரிபார்த்தல் வேண்டும். நான்காவது, பெயரளவில் ஒத்த பதிவுகளை நிரல் தானாக இணைக்க விடலாகாது. குறிகளிழந்த நிலையில் 'குரல்' என்னும் தொகுப்பும் 'குறள்' என்னும் உரைநூலும் இரட்டைப் பதிவாகத் தோன்றக்கூடும்.

ஐந்தாவது, உள்ளூர்க் குறிப்புகளைக் காத்தல். நன்கொடையாளர் பெயர், கையொப்பம், சிதைந்த பக்கம், உடன்கட்டிய நூல் முதலிய விவரங்கள் வெளியிலிருந்து படியெடுத்த பதிவுகளில் இரா. அந்தந்த நூலகத்தின் பதிவில் மட்டுமே இருக்கும். 1994இல் நிக்கல்சன் பேக்கர் அமெரிக்க நூலகங்கள் அட்டைப் பட்டியல்களை அழித்தமையைக் கண்டித்து எழுதியபோது, அட்டைகளில் பட்டியலாளர் சேர்த்திருந்த நுண்குறிப்புகள் கணினிக்கு ஏறாமலே போனமையைச் சுட்டினார். அக்கண்டனம் நமக்கும் பொருந்தும். பழைய அட்டைகள் எஞ்சியுள்ள நூலகங்கள் அவற்றை வருடிப் படமாக்கிய பின்னரே அப்புறப்படுத்துவது தக்கது.

ஆறாவது, மலேசியத் தமிழ் எழுத்தாளர்களுக்குரிய பெயர்க் கோப்பு. இதனைத் தனியொரு நூலகம் உருவாக்குதல் அரிது. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி மலேசியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் தேசிய நூலகத்திற்கு வந்து சேர வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளில் எழுத்தாளர்களை அறிந்த ஆசிரியர் உளர். மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கம் 1962 முதல் இயங்கி வருகிறது. இம்மூன்று தரப்பாரும் இணைந்தால் எழுத்தாளரின் இயற்பெயர், புனைபெயர், தலையெழுத்து, ஆவணப் பெயர் ஆகியவற்றை ஒரு கோப்பில் இணைப்பது கைகூடும். மூத்த எழுத்தாளர்கள் நம்மிடையே உள்ளபோதே இப்பணி தொடங்கப்படுதல் நலம். ஒரு புனைபெயருக்குரியவர் எவர் என்பதை அறிந்தவர் மறைந்தபின் அதனை எந்த மென்பொருளாலும் கண்டறிய இயலாது.

முடிவுரை

நூலகர்கள் தமிழைப் புறக்கணித்தனர் என்று குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தமிழெழுத்தை ஏற்காத கருவிகளைக் கொண்டு, மீட்டெடுக்கத்தக்க வடிவில் தமிழைப் பதிந்து வைத்தவர்கள் அவர்களே. அவ்வுழைப்பின் பயனைக் காப்பதோ இழப்பதோ அடுத்துவரும் இடமாற்றத்தைப் பொறுத்தது. தமிழ்த்துறையினர் அதில் பங்கு கொள்ளாதிருப்பின் அப்பொறுப்பு மென்பொருள் விற்போரிடமே சென்று சேரும்.

பங்கு கொள்வதற்குப் பெருந்தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. புதிய அமைப்பு செயற்பாட்டிற்கு வருமுன், குறள், குரல், மனம், மணம், மானம் ஆகிய ஐந்து சொற்களும் பெயரில் இடம்பெறும் நூல்களை அதில் தேடிப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் முழுப்பதிவையும் திறந்து, புள்ளியும் கோடும் உரிய எழுத்தில் நிற்கின்றனவா என்று நோக்கலாம். இதனைச் செய்ய ஒரு தமிழாசிரியருக்கு ஒரு பிற்பகல் போதும். பிழை கண்டவிடத்து நூலகருக்கு எழுதித் தெரிவிப்பதும், பழைய அமைப்பு நிறுத்தப்படுமுன் அதனைச் செய்வதும் இன்றியமையாதன.